ஆட்டம் இல்லாத மாதங்கள்

(கார்த்திகை மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



மேல்நிலைத் தொட்டி கழுவிய செலவு, லிஃப்ட் பராமரிப்பு என்று ஒரு மணி நேரம் பேசி முடித்து, வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றலாம் என்று நினைக்கிற நேரத்தில் நம் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் பி பிளாக் மதினி கையைத் தட்டலாம். உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் பேச வந்தது 'ஆஃப் சீசன்' பற்றி. நம் தென்காசி மாவட்டத்தில் 'சீசன்' என்று சொன்னால் எல்லோருக்கும் குற்றாலம்தான் ஞாபகம் வரும். ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடிக்கும், அருவியில் தண்ணீர் விழும், ஊரே அங்கே போகும். கோடையில் பாறைதான். நான் சொல்ல வந்தது அந்த சீசன் இல்லை. கிரிக்கெட் சீசன். அதைவிட முக்கியமாக, கிரிக்கெட் இல்லாத மாதங்கள்.

என் சொந்த ஊர் இங்கிருந்து பக்கம்தான். எங்களுக்கு மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. வற்றிய குளம்தான் மைதானம். பங்குனி பிறந்தால் குளத்துக்குள் தண்ணீர் இருக்காது. கரம்பை மண் வெடித்துக் கிடக்கும். அதைக் கொத்தி, மிதித்து, நடுவில் பிட்ச் போடுவோம். மடை பக்கம் அடித்தால் நாலு. கரையைத் தாண்டினால் ஆறு. சீமைக்கருவேல முள்ளுக்குள் போனால் அவுட், ஏனென்றால் போய் எடுக்க ஆள் கிடையாது. ஆடித்தபசுக்கு விருந்தாட வரும் சொந்தக்காரப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு ஆடுவோம்.

ஐப்பசி பிறந்து மழை விழுந்ததும் ஒருநாள் காலையில் யாராவது ஓடிவந்து சொல்வான்: "எலே, கொளம் பெருகிட்டுலே!" அவ்வளவுதான். பிட்ச், ஸ்டம்ப் நட்ட குழி, எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். பெரியவர்களுக்குச் சந்தோஷம், நெல் போடலாம். எங்களுக்குத் துக்கம். மறுபடி பங்குனி வர வேண்டும்.

அந்த நாலைந்து மாதமும் நாங்கள் என்ன செய்தோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பேசினோம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் ஒரு ரேடியோ உண்டு. கடைக்கார அண்ணாச்சிக்கு கிரிக்கெட் பைத்தியம். ஆகாசவாணியில் தமிழ் வர்ணனை வரும் நாட்களில் வடைக்கு எண்ணெய் காயவே காயாது. நம் பக்கத்துச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் குரலை இங்கே அறுபது வயதைத் தொட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பந்து எங்கே போகிறது, யார் ஓடுகிறார், வானம் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்த்திராத எங்களுக்குச் சேப்பாக்கம் தெரிந்தது.

1986-ஆம் வருட மழைக்காலம் முழுக்க நாங்கள் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த செப்டம்பரில் சென்னையில் நடந்த இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தார். அவுட் ஆனதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு. கடைசி ஓவருக்கு வரும்போது 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. கணக்கு சமன். இனி ஒரே ஒரு ரன். மட்டையோடு நிற்பது கடைசி ஆள் மணீந்தர் சிங். கிரெக் மேத்யூஸ் போட்ட பந்து காலில் பட்டது, எல்.பி.டபிள்யூ. ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றில் அதுவரை ஒரே ஒரு முறை, 1960-இல் பிரிஸ்பேனில்தான் அப்படி நடந்திருந்தது.

இதை அண்ணாச்சி எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. டீ கிளாஸ்களை மேசையில் ஃபீல்டர் மாதிரி அடுக்கி வைத்துச் சொல்வார். கார்த்திகையில் சொன்னபோது பந்து காலில் பட்டது. மார்கழியில் சொன்னபோது மட்டையில் லேசாக உரசிவிட்டுப் பட்டது. தையில் அம்பயருக்குக் கண் சரியில்லை. நாங்களும் சண்டை போடுவோம். ஆட்டம் நடந்தது ஐந்து நாள். எங்களுக்கு அது ஐந்து மாதம் வந்தது.

இந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தோடு அதன் சீசன் முடிந்துவிடும். பிறகு பனி. அந்தக் காலத்தில் பனிக்காலம் முழுக்க ஊர்க் கடைகளில் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, போன சீசனைப் பற்றியும் வரப்போகும் சீசனைப் பற்றியும் பேசுவார்களாம். அடுப்பெல்லாம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்த மாதங்களின் பேச்சுக்கு இன்றைக்கும் 'ஹாட் ஸ்டவ்' என்றுதான் பெயர். அதாவது சூடான அடுப்பு. நம் டீக்கடை பாய்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சு அங்கே பெரிய புத்தகங்களாகவும் வந்திருக்கிறது. ரோஜர் கான் என்ற பத்திரிகையாளர் 1972-இல் 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இளைஞராக இருந்தபோது அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியோடு ஊர் ஊராகப் போய்ச் செய்தி எழுதியவர். கறுப்பின வீரர்களைச் சேர்க்காமல் இருந்த பெரிய லீக் ஆட்டத்தில் 1947-இல் முதல் ஆளாக நுழைந்து, வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஆடிய ஜாக்கி ராபின்சன் அந்த அணியில்தான் இருந்தார். பல வருடம் கழித்து, ஆட்டத்தை விட்டு நடுத்தர வயதுக்கு வந்துவிட்ட அந்த வீரர்களை ரோஜர் கான் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். கைதட்டல் நின்ற பிறகு அவர்கள் வாழ்க்கை எப்படிப் போனது என்று எழுதினார். ஸ்கோர் போர்டில் அதெல்லாம் வராது.

கிரிக்கெட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் 'விஸ்டன்' என்ற ஆண்டு மலர் 1864-இல் தொடங்கி இன்றுவரை வருகிறது. நம் சென்னையில் இந்து நாளிதழின் எஸ்.கே. குருநாதன் அதே பாணியில் 'இந்தியன் கிரிக்கெட்' என்ற ஆண்டு மலரைத் தொகுத்தார். 1978-இல் 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்தது. அதன் நடுப்பக்கப் படத்தைப் பின் எடுத்து உருவி, சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, நம் பொருளாளரே தூக்குகிறார்.

சரி, இப்போது நிலைமை என்ன? ஆட்டம் இல்லாத மாதம் என்று ஒன்றே இல்லை. 2025-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எல். இறுதி ஆட்டம் ஜூன் 3. இரண்டு நாள் கழித்து ஜூன் 5-இல் டி.என்.பி.எல். ஜூன் 20-இல் இங்கிலாந்தில் டெஸ்ட். செப்டம்பரில் ஆசியக் கோப்பை. அந்த மாதக் கடைசியில் மகளிர் உலகக் கோப்பை. நடுவில் வெஸ்ட் இண்டீஸ், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. குளம் பெருகுவதே இல்லை. ஒரு ஆட்டத்தைப் பேசி முடிப்பதற்குள் அடுத்தது வந்து அதை மூடிவிடுகிறது.

அதனால் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள். என் தங்கை மகன் சம்மதித்ததால் அவன் கதையைச் சொல்கிறேன். ஐ.டி. வேலை, நல்ல பையன். போனில் பணம் கட்டி அணி சேர்க்கும் ஆட்டம் ஒன்றில் இறங்கினான். ஐ.பி.எல். முடிந்தால் தானாக நின்றுவிடும் என்று நினைத்தானாம். நிற்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், அவன் பெயர்கூடக் கேட்டிராத இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருக்கும். அதிலும் பணம் கட்டுவான். தங்கைக்குத் தெரிய வந்தபோது அவளுடைய வளையல் நாலும் அடகுக் கடையில் இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அவன் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. "மாமா, ரெண்டு வருசமா ஒரு மேட்ச்கூட நான் மேட்ச்சா பாக்கல." இத்தனை ஆட்டம் பார்த்தும், யாரிடமும் சொல்வதற்கு அவனிடம் ஒரு கதைகூட இல்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

நம் கார் பார்க்கிங்கில் பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது என்று போன வருடம் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தது நான்தான். என் காரின் பக்கக் கண்ணாடி உடைந்து 4,200 ரூபாய் செலவானது. குளத்துக்குள் ஆடி வளர்ந்தவன், கண்ணாடி போன கோபத்தில் பிள்ளைகளின் குளத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதன் பிறகு சாயங்காலம் கீழே இறங்கிப் பார்த்தால், அதே பிள்ளைகள் அதே படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு போன். யாரும் யாரோடும் பேசுவதில்லை. சத்தமே இல்லை என்று நாம் சந்தோஷப்பட்டோம்.

போன மாதம் அடைமழை பெய்த அன்று ராத்திரி மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது, ஞாபகம் இருக்கிறதா? போன்களில் சார்ஜ் இல்லை. படிக்கட்டில் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள். மேலே ஏற முடியாமல் நானும் அங்கே உட்கார்ந்தேன். ஏதோ தோன்றியது, 1986 கதையை ஆரம்பித்தேன். அண்ணாச்சி மாதிரி டீ கிளாஸ் இல்லை. செருப்புகளை அடுக்கினேன். கடைசி ஓவர் வந்தபோது ஒருவரும் அசையவில்லை. மணீந்தர் அவுட் என்றதும் மூன்றாம் மாடிச் சிறுமி கேட்டாள்: "அப்போ யாரு தாத்தா தோத்தா?" யாரும் தோற்கவில்லை என்றேன். "அப்போ எப்படி முடியும்?" என்றாள். முடியவில்லை தாயி, அதனால்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மறுநாள் மின்சாரம் இருந்தது. ஆனாலும் நாலு பேர் வந்து கதவைத் தட்டினார்கள், "தாத்தா, வேற மேட்ச்" என்று. 1988 பொங்கல் சமயத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே சேப்பாக்கத்தில் 16 விக்கெட் எடுத்த கதையைச் சொன்னேன். 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றதைச் சொன்னேன். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்தும் தோற்றோம். தோற்ற சேப்பாக்கம் எழுந்து நின்று ஜெயித்த பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. "எதுக்கு தாத்தா அவங்களுக்குத் தட்டுனாங்க?" என்று ஒருவன் கேட்டான். அரை மணி நேரம் அதையே பேசினோம். இப்படியொரு கேள்வி மூன்று நிமிட ஹைலைட்ஸ் பார்த்து வந்திருக்காது.

மூன்றாம் மாடிச் சிறுமி விடவில்லை. "எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்கே?" என்றாள். நியாயம்தானே. 2025 நவம்பர் 2-இல் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பை வாங்கியதை அவளையே சொல்லச் சொன்னேன். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜெமிமா அவுட் ஆகாமல் அடித்த 127, இறுதி ஆட்டத்தில் தீப்தி சர்மா எடுத்த 5 விக்கெட், எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தாள். தீப்தி பந்து போடுவதை எழுந்து நின்று செய்து காட்டினாள். அன்று நான் கேட்கிறவன். அவள்தான் டீக்கடை அண்ணாச்சி.

இப்போது என் வேண்டுகோள். மூன்று இருக்கிறது.

முதலாவது, நம் தரைத்தள அறையில் பழைய நாற்காலிகள் அடுக்கிய மூலையைக் காலி செய்து ஒரு விளையாட்டுப் புத்தக அலமாரி. சங்கப் பணம் வேண்டாம், அவரவர் வீட்டில் இருப்பதைக் கொடுங்கள். நான் இரண்டு தருகிறேன். ஒன்று, அஸ்வின் 2024-இல் சித்தார்த் மோங்காவுடன் சேர்ந்து எழுதிய 'ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்'. மேற்கு மாம்பலத்துத் தெரு கிரிக்கெட்டிலிருந்து ஒருவர் எப்படி மேலே வந்தார் என்ற கதை. பார்க்கிங் தீர்மானம் போட்ட நாம்தான் முதலில் படிக்க வேண்டும். இன்னொன்று, இலங்கையின் ஷெஹான் கருணாதிலக எழுதிய 'சைனாமேன்' நாவல். இது பெரியவர்களுக்கு. குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர், காணாமல் போன பிரதீப் மேத்யூ என்ற தமிழ்ப் பின்புலமுள்ள சுழற்பந்து வீரரைத் தேடுகிற கதை. கிரிக்கெட் வழியாக அந்த நாட்டின் காயத்தையே சொல்லிவிடுகிறார். இரண்டும் ஆங்கிலம். தமிழில் விளையாட்டுப் புத்தகங்கள் குறைவுதான். அதனால் ஆங்கிலம் படிக்கிற பெரியவர்கள் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

இரண்டாவது, தை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 முதல் 7 வரை அதே அறையில் 'பாய்லர் பேச்சு'. வாசலில் ஒரு கூடை, போன் எல்லாம் அதில். வாரம் ஒருவர் ஒரு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்தான் என்று இல்லை. கபடி, சிலம்பம், உங்கள் கல்லூரி வாலிபால், எதுவானாலும். மாதம் ஒரு படம் போடலாம். 'சென்னை 600028' சிரிப்பதற்கு. விவசாயியின் மகள் கிரிக்கெட் வீராங்கனை ஆகும் 'கனா', அப்பாக்கள் மகள்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு. 2024-இல் வந்த 'லப்பர் பந்து', மாமனாரும் மருமகனும் சேர்ந்து பார்ப்பதற்கு. உள்ளூர் ஆட்டத்தில் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தப் படம் கேட்கும் கேள்வியை நம் பிள்ளைகளோடு நாம் பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் குளத்திலும் கரையிலேயே நிறுத்தப்பட்ட பையன்கள் உண்டு. அப்போது நான் வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் சொல்லப் போகிறேன்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. பங்குனியில், பரீட்சை முடிந்த பிறகு, பார்க்கிங்கின் தெற்கு மூலையை சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ரப்பர் பந்து மட்டும். அந்த நேரத்தில் அங்கே நிற்பது ஐந்து வண்டிதான். அதில் ஒன்று என்னுடையது. அதை வெளியே நிறுத்திக்கொள்கிறேன். தை மாதப் பொதுக்குழுவில் என் பழைய தீர்மானத்தை நானே திரும்பப் பெற மனு கொடுத்திருக்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம். உங்கள் கண்ணாடிக்கும் விலை உண்டு, எனக்குத் தெரியும். உடைந்தால் பழுது பார்க்க, ஆடுகிற வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று ஒரு உண்டியல் வைக்கலாம் என்பது பிள்ளைகளே சொன்ன யோசனை.

ஆட்டம் இல்லாத மாதங்கள் எங்களுக்குக் குளம் கொடுத்த வரம் என்று அப்போது தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக் குளம் கிடையாது. வாரத்தில் ஒரு மணி நேரம் நாம்தான் கொடுக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பேச்சு. பேசப் போவது மூன்றாம் மாடிச் சிறுமி, வயது பத்து. செருப்பை வாசலிலேயே விடாமல் உள்ளே கொண்டுவாருங்கள். ஃபீல்டிங் நிறுத்த அவளுக்குப் பதினோரு ஜோடி வேண்டுமாம்.

பி பிளாக் மதினி கையைத் தட்டுகிறார். நேரம் ஆகிவிட்டது என்பதற்கா, பேச்சுக்கா என்று தெரியவில்லை. பேச்சுக்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.